கை நனைக்காத வீடு

பூலாங்கண்மாயில் மொத்தம் முப்பத்தொரு தலைக்கட்டு. அதில் முப்பது ஒன்றுக்குள் ஒன்று. பங்காளி இல்லையென்றால் மாமன் மச்சான், இரண்டும் இல்லையென்றால் சம்பந்தி. நெற்குப்பையிலிருந்து செம்மண் ரோட்டில் நாலு மைல் வந்து ஓடையில் இறங்கி ஏறினால் ஊர். வரப்பைச் செதுக்கிவிட்டான், வாய்க்காலை மறித்துவிட்டான் என்று வழக்கு வந்தால், தீர்ப்புச் சொல்ல உட்காருகிறவன் ஒரு பக்கத்துக்குத் தாய்மாமனாகவும் மறுபக்கத்துக்குப் பெரியப்பன் மகனாகவும் இருப்பான். எதைச் சொன்னாலும் அன்றைக்கு அவனுக்கு வீட்டில் சோறு கிடையாது. அப்படி ஒரு முழம் வரப்புக்கு நியாயம் கிடைக்காமல் ஒரு காலத்தில் இரண்டு பேர் வெட்டுப்பட்டுச் செத்தார்கள். அதன் பிறகுதான் ஊருக்குப் புத்தி வந்து முப்பத்தொன்றாவது தலைக்கட்டைக் குடியேற்றியது.

அது ராவுத்தர் வீடு. ஜவுளி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வியாபாரத்துக்கு வந்துகொண்டிருந்த மனிதரை ஊரே கூடி மறித்து, “நீங்கதான் எங்கள்ல யாருக்கும் எதுவும் இல்ல. இங்கன இருந்து எங்களுக்கு நியாயம் சொல்லுங்க” என்று கேட்டுக்கொண்டதாம். ஊருக்குக் கீழ்ப்புறம் ஒரு மனை கொடுத்தார்கள். கூடவே சில கட்டுகளும் போட்டார்கள். கண்மாய்த் தண்ணீர் பாய்கிற நிலத்தில் அந்த வீட்டுக்கு ஒரு குழிகூட இருக்கக் கூடாது. ஊர்ப் பதவி எதுவும் கூடாது. ஊரில் எந்த வீட்டிலும் கை நனைக்கக் கூடாது. ஒரு பிடி வைக்கோல்கூட யாரிடமும் வாங்கக் கூடாது. அவர்களை யாரும் முறை வைத்துக் கூப்பிடவும் கூடாது.

ஊர் கூடிக் கட்டுப்பாடு போடும். மடை திறந்து அடைக்கிற நீர்பாய்ச்சி அதைக் காவல் காப்பான். மீறினது உண்டா இல்லையா என்று ராவுத்தர் வீடு சொல்லும். போட்டவன் காக்கக் கூடாது, காத்தவன் சொல்லக் கூடாது, சொன்னவன் போடக் கூடாது. படித்தவர்கள் கனமான புத்தகங்களில் எழுதி வைத்திருப்பதைப் பூலாங்கண்மாய் இரண்டு பிணத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கற்றுக்கொண்டது.

பாட்டனார் சொன்னார், அத்தா சொன்னார், இப்போது ஜெகபர் சாதிக் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு ஐம்பத்தைந்து வயது. சைக்கிளில் ஜவுளி மூட்டை கட்டித் திருக்கோஷ்டியூர், சிங்கம்புணரிப் பக்கமெல்லாம் விற்பார், சொந்த ஊரில் மட்டும் ஒரு துண்டுகூட விற்கமாட்டார். வழக்கென்று வந்தால் முதலில் நீர்பாய்ச்சியைக் கூப்பிட்டு ஐயனாரைப் பார்க்க நிற்க வைத்துக் கேட்பார். பிறகு இரண்டு தரப்பையும் கேட்பார். கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்பார். இந்த மனுசனுக்கு மறதியா என்று புது மருமகள்கள் சிரிப்பார்கள். நாலாவது தடவை கேட்கும்போது பொய் சொன்னவனுக்கு நாக்குப் புரளும், அப்போது தெரியும் மறதியா இல்லையா என்று.

இந்தப் பெருமையெல்லாம் ஆம்பிளைக்கு. சுமந்தது ஹாஜிரா. திருப்பத்தூரிலிருந்து பதினேழு வயதில் வாழ்க்கைப்பட்டு வந்தவள். இருபத்தாறு வருஷமாக ஊரில் எத்தனையோ கல்யாணம், காதுகுத்து. வாசனை மட்டும்தான் அவளுக்கு. பக்கத்து வீட்டில் பருப்புச் சோறும் கத்திரிக்காய்ச் சாறும் பந்தியில் பறந்துகொண்டிருக்கும்போது, அவள் கதவைச் சாத்திக்கொண்டு கேப்பைக் களி கிண்டுவாள். அவளிடம் மூன்று ஆடுகள் இருந்தன. ஊர்க்காரன் வேலிக் குழையை ஒடிக்கக் கூடாது என்பதால், தினமும் ஒன்றரை மைல் நடந்து புறம்போக்குக் காட்டில் குழை ஒடித்துத் தலையில் சுமந்து வருவாள். வருகிற வழியில் கண்மாய்க் கரையோரம் பச்சைப்பசேலென்று புல் இருக்கும். பார்த்துக்கொண்டே வருவாள்.

அறுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசி ஏமாற்றிவிட்டது. கார்த்திகையில் இரண்டு மழை. கண்மாயில் மடைக்குப் பக்கத்தில் மட்டும் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மார்கழி பிறந்தபோது நெல் கதிர் வெளியே வராமல் பொதியில் இருந்தது, இன்னும் மூன்று தண்ணீர் பாய்ந்தால் வீடு வந்து சேரும். ஊர் கூடிக் கட்டுப்பாடு போட்டது. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் மடை திறக்கும், நீர்பாய்ச்சி மருதுதான் திறப்பான். வேறு யார் திறந்தாலும், திறந்தவர் வயலுக்குத் தண்ணீர் நுழைகிற வாமடையை அறுப்பு வரை அடைத்துவிடுவது.

கட்டுப்பாட்டை முன்மொழிந்தது மாயக்கண்ணன் அம்பலம். ஊருக்குத் தலைமையான அம்பலம் அவர்தான், பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்டும் அவர்தான். போன வருஷம் தன் பேத்தியை மருதுவின் மகனுக்குக் கட்டிக் கொடுத்தார். பேத்தியை நீர்பாய்ச்சி வீட்டில் கொடுக்கிறாரே, என்ன மனசு என்று ஊர் மெச்சியது. மூன்றாக இருக்க வேண்டியதில் இரண்டு ஒரே கூரைக்குள் போய்விட்டது என்று யாருக்கும் தோன்றவில்லை. கல்யாணச் சாப்பாடு அவ்வளவு நன்றாக இருந்ததாம்.

மடைக்கு அடுத்தாற்போல் அம்பலத்தின் மேலவயல். அதற்குக் கீழே அரை ஏக்கர் அன்னக்கிளியுடையது. அதற்கும் கீழே மறுபடி அம்பலத்தின் வயல். அன்னக்கிளி புருஷனைப் பாம்புக்குக் கொடுத்தவள், பிள்ளை கிடையாது. அம்பலம் அவளுக்குச் சின்னமாமனார் முறை. அந்த அரை ஏக்கரைக் கேட்டு நாலு தடவை ஆள் விட்டார். “நடுப்பல்ல யாராச்சும் புடுங்கிக் குடுப்பாகளா” என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

மார்கழி இரண்டாவது வியாழக்கிழமை விடியற்காலை மடை திறந்து கிடந்தது. வாய்க்கால் உடைத்துக்கொண்டு அன்னக்கிளியின் வயல் முழுக்கத் தண்ணீர் நின்று, வழிந்து ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. வயலுக்குள் அன்னக்கிளி மண்வெட்டியோடு நின்றாள். ஊருக்கு அதுவே போதுமாக இருந்தது. மறுநாள் காலையில் ஐயனார் கோயில் பொட்டலில் கூட்டம் என்று சொல்லிவிட்டார்கள்.

வியாழக்கிழமை பொழுது சாய ஜெகபர் சாதிக் வந்து சைக்கிளைச் சாத்தினார். செய்தி அவருக்கு நெற்குப்பையிலேயே எட்டிவிட்டது. கை கால் கழுவி, தொழுதுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். களியும் கருவாட்டுக் குழம்பும். ஹாஜிரா அவர் இரண்டு வாய் வைக்கும்வரை பொறுத்தாள்.

“அன்னக்கிளி செஞ்சிருக்க மாட்டா” என்றாள்.

“வழக்கப் பத்தி வீட்டுல பேசுறதில்ல.”

“நானும் இருவத்தாறு வருசமாப் பேசல. இப்பப் பேசுறேன். மடைக்கட்டை எம்புட்டுக் கனம்னு ஒங்களுக்குத் தெரியாதா? மருதுவே தண்ணிக்குள்ள முங்கி, கால உந்தித்தான் புடுங்குறான். அவ எப்படிப் புடுங்குவா?”

“அத நான் நாளைக்குக் கேப்பேன். கேக்காமலா இருப்பேன்.”

“கேக்கணும். அதுக்கு முந்தி ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கிறாதீக.”

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசியில் மழை ஊற்றோ ஊற்றென்று ஊற்றியது. மகள் ஆரிபா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். வியாபாரத்துக்குப் போன ஜெகபர் சாதிக் ஐந்து நாளாக ஓடைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். மருத்துவச்சியும் அந்தப் பக்கம்தான். ஆரிபாவுக்கு வலி கண்டபோது ஹாஜிராவுக்கு நூற்றிரண்டு காய்ச்சல். விறகு முழுக்க நனைந்து, அடுப்புக்குள்ளேயே தண்ணீர். அந்த நேரத்தில் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அன்னக்கிளி வந்தாள். பிள்ளையை எடுத்தாள். தொப்புள்கொடி அறுத்தாள். மூன்று நாள் தன் வீட்டில் உலை வைத்துச் சோறும் பூண்டுக் குழம்பும் சுமந்து வந்து போட்டாள். ஊருக்குத் தெரிந்த கதை, அன்னக்கிளி பிள்ளை எடுத்தாள் என்பதோடு நின்றது. சோறு யாருக்கும் தெரியாதென்று ஹாஜிரா நினைத்திருந்தாள். ஜெகபர் சாதிக்குக்கும் தெரியாது.

ஹாஜிரா சொல்லி முடித்தாள். அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

“தின்னீகளா?”

“தின்னோம். பிள்ளை பெத்தவளுக்குச் சோறு வேணும்ல. நானும் தின்னேன். பசிச்சது.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா என்ன செஞ்சிருப்பீக? கூட்டத்தக் கூட்டி, எங்க வீடு கை நனைச்சிருச்சு, இனிமே நான் சொல்ல மாட்டேன்னு எந்திரிச்சிருப்பீக. அதான் சொல்லல.”

“நாளைக்கு எந்திரிச்சுத்தான் ஆகணும்.”

“நீங்க எந்திரிச்சா யாரு ஒக்காருவா?”

ராவுத்தர் எழுந்துவிட்டால் அம்பலம் உட்கார வேண்டும், அதுதான் வழக்கம். அம்பலம் என்ன சொல்வார் என்பதற்கு ஆரூடம் பார்க்க வேண்டியதில்லை.

“எந்திரிச்சீகன்னா அவ வயலு போச்சு. நெல்லு பால் புடிக்கிற நேரம். எம்மகளுக்குச் சோறு போட்டதுக்கு அவ குடி கெடணுமா? ஒங்கள அவ பக்கமாச் சொல்லச் சொல்லல நான். எப்பவும் கேக்குற மாதிரிக் கேளுங்க. அது போதும் அவளுக்கு” என்றாள் ஹாஜிரா.

ஜெகபர் சாதிக் மீதிக் களியைத் தள்ளிவைத்தார். பிறகு கையைக் கழுவினார். “நீ எங்கிட்டச் சொல்லல. நான் கேக்கல” என்றார். அதுவரைக்கும் வாழ்நாளில் அவர் பிசகினது அந்த ஓர் இடம்தான், அதையும் நல்லதுக்கென்று நினைத்துத்தான் பிசகினார். ஹாஜிராவுக்கு அன்றைக்குப் புருஷன் மேல் பொங்கிக்கொண்டு பிரியம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் பொட்டலில் ஊரே இருந்தது. அன்றைக்கு மடை முறை, ஆனாலும் கூட்டம் முடியட்டும் என்று திறக்கவில்லை. ஆம்பிளைகள் வட்டமாக உட்கார்ந்திருக்க, பொம்பிளைகள் கோயில் மதிலோரம் நின்றார்கள். ஹாஜிரா கூட்டத்துக்கு வந்து பழக்கமில்லாதவள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மதிலின் கடைசியில் ஒதுங்கி நின்றாள். ஜெகபர் சாதிக் ஐயனாருக்குப் பக்கவாட்டில் தன் துண்டை விரித்து உட்கார்ந்தார். மருது அவருக்கு நேரே கைகட்டி நின்றான், முதலில் தன்னைத்தான் கேட்பார் என்று தெரிந்தவனாக. அவன் கண் சிவந்திருந்தது.

ஜெகபர் சாதிக் தொண்டையைச் செருமினார். அதற்குள் அம்பலம் முந்திக்கொண்டார்.

“ராவுத்தரே, ஒரு நிமிசம். அந்தப் பிள்ளை பயந்துபோயி நிக்கிது. ஒரு வார்த்தை நான் பேசிக்கிறேன்” என்று அன்னக்கிளி பக்கம் திரும்பினார். ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய் இந்தக் குரலில்தான் அழுதிருக்க வேண்டும்.

“ஏத்தா அன்னக்கிளி, என்ன நடந்துச்சு? பயப்படாமச் சொல்லு.”

“நான் என்னத்தச் சொல்ல மாமா. தண்ணிச் சத்தம் கேட்டு வெள்ளென போனேன். வயலெல்லாம் தண்ணி. ஓடைக்கு வீணாப் போகுதேன்னு மண்ண வெட்டி அணைச்சேன். கம்மாய்த் தண்ணி போச்சுன்னா எனக்கும்தான நட்டம். மடையத் தொறந்தது யாருன்னு எனக்குத் தெரியாது.”

“சரித்தா. நீ நல்லவதான். ஆனா ஊருன்னு ஒண்ணு இருக்குல்ல. அன்னக்கிளி அப்படிச் செய்யக்கூடியவ இல்லன்னு ஒனக்காக நின்னு சொல்ல ஒரு ஆளு வேணும். யாரு இருக்கா சொல்லு.”

அன்னக்கிளி வட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். மாமன்கள், கொழுந்தன்கள், சித்தப்பன்கள். எல்லோரும் தரையில் புதையல் இருப்பது போலத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தனுக்கும் வாய் திறக்க முடியவில்லை, மடை திறக்கிறவன் அம்பலத்தின் சம்பந்தி, அவனவன் வயலுக்கும் தண்ணீர் வேண்டுமே. பொம்பிளைகள் பக்கம் திரும்பினாள். மதிலின் கடைசியில் ஹாஜிராவைக் கண்டாள். அவள் முகம் தெளிந்துவிட்டது. அதைப் பார்த்த ஹாஜிரா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். முக்காட்டுக்குள் ஆட்டினது யாருக்குத் தெரியும்?

“ஏன் இல்ல? அக்கா சொல்லும்” என்றாள் அன்னக்கிளி. “நான் எப்பேர்ப்பட்டவன்னு அக்காவக் கேளுங்க.”

“எந்த அக்கா?”

“ராவுத்தரக்கா.”

அம்பலம் ஆச்சரியப்பட்டவர்போலக் காதைக் கொடுத்தார். ஆச்சரியம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. சோற்றுப் பானை தெருவில் போனதை மூன்று நாளும் அவர் வீட்டுச் சன்னல் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

“ராவுத்தர் வீட்ட மொறை வச்சுக் கூப்புடுறது எப்பருந்து ஆத்தா?”

அன்னக்கிளி அந்த இடத்தில் வாயைக் கட்டியிருக்கலாம். ஆனால் அவள் புத்திக்கு வேறு கணக்கு. நல்லது செய்தவள் திருட மாட்டாள், அதைச் சொன்னால் ஊர் நம்பும், உட்கார்ந்திருக்கிற மனிதரும் நினைத்துப் பார்ப்பார். முப்பது வீடும் இப்படித்தான் காலமெல்லாம் வழக்குப் பேசின. நான் ஒனக்கு அன்னைக்குச் செஞ்சேன்ல, நீ எனக்கு இன்னைக்குச் செய். அந்தப் பேச்சு ஏறாத ஒரே வீடு வேண்டும் என்றுதான் ராவுத்தர் வீட்டைக் கொண்டுவந்தார்கள் என்பது அவளுக்கு அந்த நேரம் மறந்துபோனது.

“ஆரிபாவுக்குப் பிள்ளை எடுத்தது நான்தான். வெள்ளம் வடியுறவரைக்கும் மூணு நாளு சோறு பொங்கிக் கொண்டுபோயிப் போட்டது நான்தான். தாயும் மகளும் எங்கையால தின்னாக. பசிச்ச வயித்துக்குச் சோறு போட்டவ, ஊருத் தண்ணியவா திருடுவா? கேளுங்க அக்காவ.”

எல்லாத் தலையும் ஹாஜிரா பக்கம் திரும்பியது.

“என்னம்மா, தின்னீகளா?” என்றார் அம்பலம் மெதுவாக.

இல்லையென்று சொல்லலாம். சொன்னால் அன்னக்கிளி பொய்க்காரி, அதோடு வழக்கே முடிந்தது. ஆமென்று சொன்னால் புருஷன் எழ வேண்டும். எரிகிற கொள்ளியில் எது நல்ல கொள்ளி என்று பார்க்க அவளுக்கு நேரமும் இல்லை.

“தின்னோம்” என்றாள்.

“ராவுத்தரே, ஒங்களுக்குத் தெரியுமா இது?”

“தெரியும்” என்றார் ஜெகபர் சாதிக். “நேத்துத் தெரியும்.”

“தெரிஞ்சா ஒக்காந்தீக?”

அதை ஒரு கிழவன் கேட்டான். கேட்டவனுக்கு எண்பது வயது. ராவுத்தரின் அத்தாவையும் பார்த்தவன், பாட்டனாரையும் பார்த்தவன். ஜெகபர் சாதிக்கின் முகம் வெளுத்துவிட்டது. துண்டை எடுத்து உதறிக்கொண்டு எழுந்தார்.

“ஒக்காருங்க” என்றார் அம்பலம்.

“இல்ல. வழக்கம்னு ஒண்ணு இருக்கு.”

“வழக்கம் மனுசனுக்காகத்தான ராவுத்தரே? மூணு தலைமொறையா எங்களுக்குச் சொன்ன வீடு. ஒரு கை சோத்துல ஒங்க நாக்கு பெரண்டுபோகும்னு இங்க எவனாச்சும் நெனைக்கிறானா? நெனைக்கிறவன் எந்திரிச்சுச் சொல்லட்டும்.” சுற்றிலும் பார்த்தார். “ஒருத்தரும் இல்ல. நீங்களே சொல்லுங்க. ஒங்க அத்தா ஒக்காந்த எடம். நீங்க என்ன சொன்னாலும் ஊருக்குச் சம்மதம். அவள விட்டாலும் சம்மதம்தான்.”

கழுத்தை நெரிக்கிறவன்கூட இவ்வளவு அன்பாகப் பிடிக்கமாட்டான். அவளை விட்டாலும் சம்மதம். விட்டால், சோற்றுக்காக விட்டான் என்பார்கள். இனி எழுந்து போனாலும், தெரிந்து உட்கார்ந்து அகப்பட்டதும் ஓடினான். அறுபது பேர் கண் மேலே இருந்தது. ஜெகபர் சாதிக் திரும்ப உட்கார்ந்தார்.

நேரே மருது நின்றுகொண்டிருந்தான். கட்டின கையை அவிழ்த்து, ஐயனார் பக்கம் திரும்பி நின்றான். இப்போது கேட்பார், முதல் கேள்வி வரும் என்று ஹாஜிரா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கேட்டால், அவளுக்காகக் கேட்கிறான் என்று ஆகிவிடுமோ என்னமோ, அவர் மருதுவை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. மடைக்கட்டையின் கனத்தைப் பற்றிப் பேசவில்லை. அன்னக்கிளியையும் மறுபடி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் குரல் அவருடையதாகவே இல்லை.

“தண்ணி அவ வயலுக்குப் போயிருக்கு. மம்பட்டி அவ கையில இருந்திருக்கு. கட்டுப்பாடு மீறுனது உண்டு. வாமடையை இந்த அறுப்புக்கு அடைக்கிறது.” நிறுத்தினார். பிறகு யாரும் கேட்காமலே சொன்னார்: “அடுத்த அறுப்புக்கும் சேத்து அடைக்கிறது.”

ஊர் போட்ட கட்டுப்பாடு ஒரு அறுப்புக்குத்தான். இரண்டாவது அறுப்பு ராவுத்தர் போட்டது. சொல்ல வந்தவர் போடவும் ஆரம்பித்தார். அம்பலம்கூட ஒரு கணம் வாய் திறந்து மூடினார், இவ்வளவை அவரே எதிர்பார்க்கவில்லை.

அன்னக்கிளி அழவில்லை. ஹாஜிராவைப் பார்த்தாள். தன் வாயால் எதைக் கெடுத்தோம் என்று விளங்காமல், விளக்கிச் சொல்லேன் என்று கேட்பதுபோலப் பார்த்தாள்.

கூட்டம் கலையும்போது ராவுத்தருக்கு மரியாதை கூடிப் போயிருந்தது. “பார்த்தீகளா, தின்ன சோத்தப் பாக்கலையே மனுசன். தராசுன்னா அதான் தராசு” என்றார்கள். எண்பது வயதுக் கிழவன் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒங்க அத்தா பேரக் காப்பாத்திட்டீக” என்று கண் கலங்கினான். காப்பாற்றினார்தான். அன்னக்கிளியைக் கொடுத்துப் பெயரை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் மருது வந்தான். ராவுத்தர் வீட்டு வாசலுக்குள் வராமல் வேலிக்கு வெளியிலேயே நின்றான். ஜெகபர் சாதிக் வியாபாரத்துக்குப் போகாமல் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். ஹாஜிரா ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தாள்.

“ராவுத்தரே, மடையத் தொறந்தது நான்தான்” என்றான்.

கட்டிலில் அவர் எழுந்து உட்கார்ந்தார்.

“அம்பலம் சொன்னாக, மேலவயலுக்குக் கொஞ்சமா விட்டுட்டு விடியுறதுக்குள்ள அடைச்சுருன்னு. அடைக்கப் போனேன், கட்டை சிக்கிக்கிருச்சு. அங்குட்டு வாய்க்கா ஒடைஞ்சு அவ வயலுக்குள்ள போயிருச்சு. பயந்துபோயி வீட்டுக்கு வந்துட்டேன்.”

“இத ஏண்டா அங்க சொல்லல?”

“நீங்க கேக்கலையே.” மருதுவுக்கு அழுகை வந்துவிட்டது. “எப்பவும் என்னையத்தான மொதல்ல கேப்பீக. அதுக்குத்தான் நின்னேன். நானாச் சொல்ல முடியாது, சம்பந்தம் பண்ணுன வீடு, எம்மகன் அங்க போயி வந்து இருக்கான். ஆனா ஐயனாரப் பாக்க நிக்க வச்சுக் கேட்டா எனக்குப் பொய் வராதுன்னு ஒங்களுக்குத் தெரியும். கேப்பீக கேப்பீகன்னு நின்னேன். ஏன் கேக்கல?”

சொல்லிவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான். ஹாஜிரா குழையைக் கீழே போட்டாள்.

“எந்திரிங்க. போயி ஊரக் கூட்டுங்க. மருது சொன்னத எல்லார் முன்னாடியும் சொல்லச் சொல்லுங்க. வாமடையத் தொறந்துவிட்டா இன்னும் நெல்லப் பொழைக்க வச்சிரலாம்.”

“இப்பப் போயிச் சொன்னா, சோறு வேலை செஞ்சிருச்சும்பாக.”

“சொல்லட்டும்.”

“மூணு தலைமொறை ஹாஜிரா.”

“அவளுக்கு அரை ஏக்கரு.”

“மருது அங்க வந்து இல்லன்னு சொல்லிட்டான்னா? நான் என்ன ஆவேன்?”

அவள் புருஷனையே பார்த்தாள். ஒரே வீட்டில் இத்தனை வருஷம் கூழையும் களியையும் குடித்துக்கொண்டு கிடந்தது இந்த மனிதனின் நாக்குக்காகத்தான். பெற்ற மகள் கல்யாணத்துக்கு ஊரில் ஒருத்தருக்கு ஒரு வாய் பிரியாணி கொடுத்ததில்லை, கொடுத்தால் திருப்பி வாங்க வேண்டிவரும் என்று. அத்தனையும் நியாயத்துக்கென்று நம்பியிருந்தாள். நியாயத்துக்கு இல்லை, பேருக்குத்தான் என்று தெரிந்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை, அசிங்கமாக இருந்தது. அன்றிலிருந்து அவருக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், பேச்சை மட்டும் குறைத்துக்கொண்டாள்.

வாமடையை மருதுவே மண் போட்டு அடைத்தான். செவ்வாயும் வெள்ளியும் மேலவயலுக்குப் பாய்ந்த தண்ணீர் அன்னக்கிளி வரப்பை ஒட்டிக் கீழவயலுக்குப் போனது. பனி கொஞ்ச நாள் காப்பாற்றியது. பிறகு இலை சுருண்டது. தை பிறந்து ஊர் பொங்கல் வைத்தபோது இரண்டு பச்சைக்கு நடுவில் அந்த அரை ஏக்கர் மட்டும் வெளுத்துக் கிடந்தது, கதிரெல்லாம் மணி பிடிக்காத சாவி. அம்பலம் ஐந்தாவது தடவை ஆள் விட்டார். இன்னொரு அறுப்பும் தண்ணீர் இல்லாத நிலத்தை வைத்து அவள் என்ன செய்வாள்? எழுதிக் கொடுத்துவிட்டாள். கொத்தமங்கலத்தில் ஓர் ஆச்சி வீட்டில் மாவாட்டவும் பாத்திரம் கழுவவும் ஆள் வேண்டுமென்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அவள் ஊரைவிட்டுப் போகிற அன்று காலையில் நல்ல வெயில். ஜெகபர் சாதிக் வாசலில் சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அன்னக்கிளி தலையில் ஒரு பெரிய கட்டோடு நடுத்தெருவில் வந்தாள். காய்ந்த நெற்பயிர், கதிரோடு அறுத்துக் கட்டினது. நேரே ராவுத்தர் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினாள்.

“அக்கா, ஆட்டுக்குப் போடுங்க. பூராம் சாவிதான், ஆனா ஆடு திங்கும். சும்மா கெடந்து எதுக்குக் காயணும்.”

ஹாஜிரா வாசலில் நிற்கிற புருஷனைப் பார்த்தாள், கட்டைப் பார்த்தாள். அவள் தயங்குவதை அன்னக்கிளி வேறு மாதிரிப் புரிந்துகொண்டாள்.

“ஊரு வழக்கத்த நெனைக்கிறீகளா? இனிமே தாராளமா வாங்கலாம்க்கா. கம்மாய்க்குக் கீழ எனக்குத்தான் ஒரு குழி நெலம் இல்லையே. வழக்குன்னு நான் என்னத்துக்கு வரப்போறேன்? ராவுத்தருக்குச் சங்கடம் இல்ல.”

அதில் குத்தல் எதுவும் இல்லை. குத்தியிருந்தால் ஹாஜிராவால் தாங்கியிருக்க முடியும். ஆரிபா மகன் பேசுகிறானா என்று கேட்டாள். பேசுகிறான் என்றாள் ஹாஜிரா. ஒன்பது மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, இடுப்பில் ஒரு துணி மூட்டையோடு அன்னக்கிளி ஓடைப் பக்கம் நடந்தாள். அவள் இறங்கி ஏறும்வரை ஹாஜிரா பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கட்ட உள்ள கொண்டுபோயிப் போடு” என்றார் ஜெகபர் சாதிக், தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு. “யாராச்சும் பாத்தா ஒண்ணு கெடக்க ஒண்ணு சொல்லுவாக.”

ஹாஜிரா கட்டை இழுத்துக்கொண்டு போய்த் தெரு நடுவில் போட்டு அவிழ்த்தாள். மூன்று ஆடுகளையும் அங்கேயே பிடித்துக்கொண்டு வந்து விட்டாள். எதிர் வீட்டிலிருந்தும் அடுத்த வீட்டிலிருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். யார் வீட்டுப் பயிர் என்று ஒருத்தி கேட்டாள்.

“அன்னக்கிளி வீட்டுது” என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு, ஆடுகள் தின்று முடிக்கும்வரை ஹாஜிரா அங்கேயே நின்றாள்.